ஒரே ஆள், மூன்று கோப்பு: நீலகிரியில் உதவித்தொகையும் மனநலமும் வீடும்

பட்டா இல்லாத வீடு தாசில்தார் ஆபீஸ் விஷயம். நின்றுபோன உதவித்தொகை வங்கி விஷயம். ராத்திரி முழுக்கத் தூங்காமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் மகன் ஆஸ்பத்திரி விஷயம். அரசு இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லைன் வீட்டில் இந்த மூன்றும் ஒரே அறைக்குள் இருக்கும். மகனுக்கு மாத்திரை தீர்ந்துவிடுகிறது. வாங்கப் போனால் அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும், அதனால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளுகிறார். சில வாரங்களில் பக்கத்து வீட்டோடு சண்டை வருகிறது, எஸ்டேட் ஆபீசுக்குப் புகார் போகிறது. அம்மாவுக்கும் ஓய்வு வயது வந்துவிட்டதால் வீட்டைக் காலி செய்யும் பேச்சு தொடங்குகிறது. வீடு மாறினால் ரேஷன் கார்டு முகவரி மாறும். அது மாறும்வரை எந்த மனுவும் நகராது.

இந்த மாவட்டத்தில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. கோப்பை நகர்த்த உடன்வர ஓர் ஆள் இல்லாததுதான் பஞ்சம். வரிசையில் நிற்பது, தேதியை நினைவில் வைப்பது, அதிகாரியிடம் நிதானமாகப் பேசுவது, இவை மனம் குலைந்தவரால் செய்ய முடியாத காரியங்கள். அவற்றையே உதவி பெறுவதற்கான தகுதியாக வைத்திருக்கிறோம். ஆகவே ஊர்க்குழுவோ மகளிர் குழுவோ சங்கமோ செய்யக்கூடிய பெரிய உதவி, உடன் போவது. அதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் அரிசியும் மாதப் பணமும், அடுத்து மருந்து, அதற்குப் பிறகு சான்றிதழ், கடைசியில் வீடு. பலரும் வீட்டில் தொடங்குகிறார்கள், அதுதான் கண்ணுக்குத் தெரியும் துயரம் என்பதால். ஆனால் வீட்டு மனை விவகாரம் இங்கே ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதற்குள் குடும்பம் கலைந்துவிடும்.

மலையின் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஊட்டியிலிருந்து கூடலூர் சுமார் 50 கிலோமீட்டர், பந்தலூர் அதற்கும் அப்பால் 25. சேரம்பாடிக்காரருக்குக் கேரளத்து சுல்தான் பத்தேரிதான் பக்கம். அங்கே வைத்தியம் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் மாற்றுத்திறனாளி சான்றும் உதவித்தொகையும் சொந்த மாவட்டத்தில்தான் கிடைக்கும், அதனால் அங்குள்ள மருந்துச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்து வைக்க வேண்டும். ஒரு நல்ல காரியம், பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2024-ல் மலைப்பகுதிகளுக்கும் வந்தது. உடன்போகும் ஆள் பெண்ணாக இருந்தால், சாதாரணப் பேருந்தில் அவருடைய பயணச் செலவு மிச்சம்.

அரிசியும் பணமும்

ரேஷன் கார்டைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது அதன் குறியீட்டை. 'பி.ஹெச்.ஹெச்.' என்றால் முன்னுரிமைக் குடும்பம், 'பி.ஹெச்.ஹெச்.-ஏ.ஏ.ஒய்.' என்றால் அந்தியோதயா, மாதம் 35 கிலோ அரிசி. 'என்.பி.ஹெச்.ஹெச்.' என்று இருந்தால் முன்னுரிமை இல்லாத கார்டு. கணவரை இழந்து, மனநோயுள்ள பிள்ளையோடு தனியே இருக்கும் பெண்ணின் கார்டில் இந்தக் கடைசிக் குறியீடு இருப்பது சகஜம். கார்டு எடுத்த காலத்தில் வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்திருப்பார்கள். வட்ட வழங்கல் அலுவலரிடம் வகை மாற்றம் கேட்டு மனுக் கொடுக்கலாம். கணவரின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, பிள்ளையின் சிகிச்சைச் சீட்டு மூன்றையும் இணைத்தால் மனுவுக்குப் பலம்.

அடுத்த சிக்கல் கைரேகை. இருபது முப்பது வருடம் கொழுந்து பறித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். குளிர்காலத்தில் தோல் வெடித்துவிட்டால் இயந்திரம் சுத்தமாக ஏற்காது. வெந்நீரில் கை கழுவித் துடைத்துவிட்டு வேறு விரல்களை வைத்துப் பார்க்கலாம். கருவிழிப் பதிவு இருக்கும் கடையில் அதைக் கேட்கலாம். கடைக்கே வரமுடியாத முதியவர், மாற்றுத்திறனாளிக்குப் பதிலாகப் பொருள் வாங்க வேறொருவரை நியமிக்கும் படிவம் உண்டு. அதைக் கடையிலேயே கேட்டு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவருகிறார்கள். வண்டி போகும் சாலையிலிருந்து தள்ளியிருக்கும் குடியிருப்புகள் விடுபட்டிருக்கின்றனவா என்று ஊர்க்குழு சரிபார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கார்டில் பெயருள்ள ஒவ்வொருவரும் கைரேகை வைத்து இ-கே.ஒய்.சி. முடித்திருக்க வேண்டும். மனநோயுள்ளவர் கடைக்கு வர மறுப்பதால் அவர் பதிவு மட்டும் நின்றுபோகும், பின்னால் பெயரே நீக்கப்படும் ஆபத்து வரும். அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாள் காலையில், கடையில் கூட்டம் சேருமுன் அழைத்துப்போய் முடித்துவிடுவது நல்லது.

பணத்தில் வரும் குழப்பங்களில் பாதி ஒரே இடத்தில் முளைப்பவை. அரசின் உதவிகள் ஆதார் வழியாக வரும்போது, கடைசியாக எந்தக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் பணம் போகும். நுண்கடன் வாங்கியபோதோ நூறு நாள் வேலைக்கோ திறந்த புதுக்கணக்கு ஒன்று இருக்கும். பழைய பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு 'பணம் நின்றுபோச்சு' என்று வந்து நிற்பார்கள். பணம் நின்றிருக்காது, வேறு வங்கியில் சேர்ந்துகொண்டிருக்கும். வங்கியிலோ இ-சேவை மையத்திலோ 'எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது' என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். ஆதாரில் பதிந்த கைபேசி எண் உயிரோடு இருந்தால் ஐந்து நிமிட வேலை. அந்த எண் செத்துப்போயிருந்தால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்ற வேண்டும். அலைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

முதியோர் உதவித்தொகை 60 வயது நிரம்பிய, ஆதரவற்றவருக்கு. 2023-ல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. விதவை, கணவரால் கைவிடப்பட்டோர் உதவித்தொகைகளும் அப்படியே. வருவாய்த் துறை வழியான மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து 1,500. மனு இ-சேவை மையத்தில் பதிவாகும், அங்கிருந்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ., சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று ஏறும். தள்ளுபடியானால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஆதாரில் வயது குறைவாகப் பதிந்திருப்பது, 'மகன் இருக்கிறான்' என்று வி.ஏ.ஓ. எழுதுவது, கள விசாரணைக்கு வந்தபோது ஆள் வேலைக்குப் போயிருப்பது. இரண்டாவது காரணம் மனநோயுள்ள மகன் இருக்கும் வீட்டில் அநியாயமாகிவிடும். அவனால் அம்மாவைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு அவனுடைய சிகிச்சைச் சீட்டுதான் சாட்சி. அதை முதல் மனுவிலேயே இணைக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு என்று ஒளித்து வைக்கக் கூடாது.

எந்த மனுவானாலும் ஒப்புகை எண் இல்லாமல் திரும்பி வரக்கூடாது. வாய்ப்பேச்சாக 'பார்க்கலாம்மா' என்பதை மனுவாகக் கணக்கில் எடுக்காதீர்கள். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தாலும், முதல்வரின் உதவி எண் 1100-க்குப் பேசினாலும், எண் வாங்கிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மருந்து

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் பார்க்கிறார்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூரில் அரசு மருத்துவமனைகள். மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்கு வரும் கிழமையை முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்த நாள் மாறினால் ஒரு முழுப் பயணம் வீண். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கும் வீடற்றவருக்கும் சிகிச்சை இலவசம். அதற்கென்று தனி அட்டை காட்டத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது.

முதல் சந்திப்புக்கு முன்னால் உடன்போகிறவர் ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதிக்கொண்டால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்: எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு, குடி உண்டா, முன்பு எங்கே என்ன மாத்திரை. நோயாளியின் முன்னால் நின்றுகொண்டு 'இவன் எல்லாரையும் அடிக்கிறான் சார்' என்று தொடங்குவதைவிட அந்தத் தாளை நீட்டுவது மரியாதை. பழங்குடிக் குடும்பமானால் இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். அரிவாள் செல் சோகை இந்தியாவில் முதலில் அறியப்பட்டதே 1952-ல், நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். எப்போதும் சோர்வு, மூட்டுவலி, வேலைக்குப் போக மனமில்லை என்பதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்; மனச்சோர்வு என்று எழுதிவிட்டாலும் சில நேரம் தப்புதான், காரணம் இரத்தத்தில் இருக்கும்.

மருந்து நிற்பது எங்கே? மூன்று இடம். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். 'பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் கேக்கல' என்று விட்டுவிடுவார்கள். மனச்சிதைவுக்கான மாத்திரையில் கை நடுக்கமோ உடல் இறுக்கமோ எச்சில் வடிவதோ வரும்; அதைச் சொன்னால் மருத்துவர் அளவை மாற்றுவார் அல்லது வேறு மாத்திரை தருவார், சொல்லாமல் நிறுத்தினால் நோய் திரும்பும். மூன்றாவது, நன்றாகிவிட்டது என்று நிறுத்துவது. இது கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் நடக்கும். தினம் விழுங்க மாட்டேன் என்பவருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தூரமும் மறதியும் ஒன்றாகச் சேர்ந்த வீட்டுக்கு அந்த ஊசி பெரிய உபகாரம்.

குடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்த வைப்பதை வைத்தியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். கடைசிக் குடியிலிருந்து ஓரிரு நாளுக்குள் நடுக்கம், வலிப்பு, அதற்குப்பின் பிதற்றல் வரை போகும், உயிரும் போகலாம். நிறுத்துவதை மருத்துவமனையில் நிறுத்த வேண்டும். கட்டிப் போடுவதும், சங்கிலி போடுவதும் அப்படியே. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6-ல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017 சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்று நேராகத் தடை செய்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ மந்திரிப்பவரிடமோ போகிற குடும்பத்தைத் திட்டிப் பயனில்லை. 'போங்க, மாத்திரையையும் எடுத்துக்கிட்டுப் போங்க' என்றால் இரண்டும் நடக்கும்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. கேட்டால்தான் பேச்சு வரும். கேரட்டும் உருளைக்கிழங்கும் போடும் கிராமங்களில் பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கும். அதை வேறு வீட்டில் பூட்டி வைக்கச் சொல்வதுதான் அன்றைக்குச் செய்யக்கூடிய முதல் காப்பு. யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீரோ சாணித் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகுமே என்று விஷத்தின் பெயரை மறைப்பவர்கள் உண்டு. 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. அவரைத் தண்டிக்கக் கூடாது. பெயரை மறைத்தால் முறிமருந்துதான் தாமதமாகும். பேச ஆள் வேண்டுமானால் 14416, அரசின் டெலிமனஸ் மனநல உதவி எண், எந்த நேரமும், கட்டணமில்லை. சிக்னல் கிடைக்கும் இடம் எது என்பதையும் எண்ணோடு சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்; பல குடியிருப்புகளில் மேட்டில் ஏறினால்தான் கோபுரம் பிடிக்கும்.

சான்றிதழ் என்னும் பாலம்

நோயை உரிமையாக மாற்றுவது மாற்றுத்திறனாளி சான்றும் யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும். இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்க்க வேண்டும். பிறவியிலோ சிறுவயதிலோ வரும் அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைப் பட்டியலில் அறிவுசார் குறைபாடு இருக்கிறது. மனநோய்க்குப் பெரும்பாலும் போக வேண்டிய வழி, 40 விழுக்காடோ அதற்கு மேலோ சான்று பெற்று வருவாய்த் துறையில் மனுச் செய்வது. படிவத்தில் வகையைத் தப்பாகக் குறித்தால் கோப்பு தப்பான மேசைக்குப் போய்விடும்.

மனநோய்க்கான விழுக்காட்டை 'ஐடியாஸ்' என்ற அளவுகோலால் அளக்கிறார்கள். நான்கு பகுதி: தன்னைத்தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கு இன்னொரு 4. மொத்தம் 20. 7 மதிப்பெண் எட்டினால்தான் 40 விழுக்காடு. 14-லிருந்து கடுமை. இதைத் தெரிந்துகொண்டால் எங்கே சறுக்குகிறது என்பது புரியும். சான்று வாங்கப் போகும் அன்று மகனைக் குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, 'டாக்டர் கேட்டா ஒழுங்கா பேசு' என்று சொல்லி அழைத்துப் போகிறார்கள். அம்மாவும் மகனின் மானம் காக்க, 'எல்லாம் அவனே செஞ்சுக்குவான்' என்கிறார். மதிப்பெண் 5-ல் நின்றுவிடுகிறது. பொய் சொல்லத் தேவையில்லை. கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை சொல்லிச் சொல்லிக் குளிக்க வைத்தீர்கள், கடையில் சில்லறை எண்ணி வாங்குவானா, கடைசியாக எத்தனை நாள் வேலைக்குப் போனான் என்பதை முன்பே ஒரு நோட்டில் எழுதி வைத்து, அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய சீட்டுகளும் அப்போதுதான் கைகொடுக்கும். வருடக் கணக்கை எண்ணுவதற்கு அவைதான் ஆதாரம். மழையில் நனைந்து கிழிந்துபோன முதல் சீட்டின் விலை சில நேரம் 1 மதிப்பெண், சில நேரம் 2.

வீடு

இனி நீண்ட சண்டை. நீலகிரியில் வீடு கேட்பவரிடம் திட்டத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், அவர் காலுக்குக் கீழே இருக்கும் நிலம் எது என்று கேட்க வேண்டும். பதில் அதில்தான் இருக்கிறது.

லைன் வீடு என்றால் வேலை இருக்கும்வரைதான். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கும் பொறுப்பை முதலாளி மேல் வைத்தது. ஓய்வு பெற்றவருக்கு என்று அது எதையும் வைக்கவில்லை. 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோருக்காக உருவான டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இது இன்னும் கடினம். அந்த நிலம் வனத்துறையுடையது, அதனால் இரண்டு தலைமுறை உழைத்த இடத்திலும் மனை கேட்க முடிவதில்லை. ஓய்வு பெறுகிறவரின் கையில் இருக்கும் ஒரே பிடி, பணிக்கொடை (கிராஜுவிட்டி). கணக்கு எளிது: கடைசி நாள்கூலி பெருக்கல் 15, பெருக்கல் வேலை செய்த வருடங்கள். நாள்கூலி 450 ரூபாய் என்று வைத்தால், 30 வருடத்துக்கு 2,02,500. உரிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதமானால் வட்டியோடு. நடைமுறையில் எஸ்டேட் 'வீட்டைக் காலி செய், பணம் தருகிறேன்' என்கிறது. தொழிலாளி 'பணம் தா, காலி செய்கிறேன்' என்கிறார். இந்த இழுபறியில் வருடங்கள் போகின்றன. எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி, தராவிட்டால் தொழிலாளர் துறைக்குப் போவதுதான் வழி. வருங்கால வைப்புநிதியில் பிறந்த தேதி ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருப்பதைக் கடைசி வருடத்தில் கண்டுபிடித்தால் திருத்துவது நரக வேதனை. ஓய்வுக்கு இரண்டு வருடம் முன்பே சங்கத்துக்காரர்கள் லைன் லைனாகப் போய் அதைச் சரிபார்க்கலாம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் 'செக்‌ஷன் 17' என்றால் குழந்தைக்கும் தெரியும். 1969-ன் கூடலூர் ஜென்மம் (பழைய ஜமீன் போன்ற நில உடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் அடங்கும் நிலங்களின் வழக்கும் குழப்பமும் இன்னும் தீராததால் அங்கே பட்டா இல்லை. மின்இணைப்பு வாங்குவதே போராட்டம். இந்த நிலத்தில் இருப்பவரிடம் 'பட்டா வாங்கித் தருகிறேன்' என்று காசு கேட்கும் யாரையும் நம்பக் கூடாது. செய்யக்கூடியது, குடியிருப்பதற்கான சான்றுகளைச் சேர்ப்பது: வீட்டு வரி ரசீது, வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று. உரிமை வராவிட்டாலும் தீர்வு வரும் நாளில் வரிசையில் பெயர் இருக்கும்.

வன நிலத்தில் இருக்கும் பழங்குடிக்கு 2006-ன் வன உரிமைச் சட்டம் தெளிவான வழி தருகிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பேருமே நீலகிரியில் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள் என்ற வகையில் வருகிறார்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து குடியிருந்தால் தனிநபர் உரிமைக்குப் படிவம் 'அ'. கிராம சபையில், வன உரிமைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு சான்று வேண்டும். ஊர்ப் பெரியவரின் எழுத்து வாக்குமூலமும் சான்றாகும். உரிமைப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும், விற்க முடியாது. கோரிக்கை விசாரணை முடியும்வரை அப்புறப்படுத்தக் கூடாது என்பது சட்டத்தின் 4(5)-ஆம் பிரிவு. நிராகரித்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு. 60 நாள் தாண்டிப் போவதற்கு முக்கியக் காரணம், நிராகரிப்பு எழுத்தில் வராமல் வாய்வழியாக வருவது. எழுத்தில் கேளுங்கள்; தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு.

புறம்போக்கில் இருப்பவருக்கு, அது ஓடையோ மேய்ச்சலோ பாதையோ என்றால் பட்டா வாய்ப்பு மிகக் குறைவு. மற்றவற்றுக்கு மனுச் செய்யலாம், ஆக்கிரமிப்புக்கு அபராதம் கட்டிய 'பி மெமோ' ரசீதுகள் குடியிருப்பின் காலத்தைக் காட்டும். ஊட்டி, குன்னூர் நகரத்தில் வாடகைக்கு இருப்பவர் 2017-ன் வாடகைச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளலாம். எழுத்து ஒப்பந்தம் வேண்டும், முன்பணம் மூன்று மாத வாடகை, தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டி வெளியேற்றக் கூடாது.

நிலம் தெளிவானால்தான் திட்டம். 2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடிக்கு 3.50 லட்சம் தருகிறது. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், மலைக்கு 1.30 லட்சம். மேலே சொன்ன ஆறு பழங்குடிகளுக்குப் பிரதமரின் ஜன்மன் திட்டத்தில் வீட்டுக்கு 2 லட்சம். தொகை அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாக வரும். மலையில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து சிமெண்டும் மணலும் தலைச்சுமையாகப் போக வேண்டும்; அந்தக் கூலிக்கு எந்தத் திட்டத்திலும் தனிக் கணக்கு இல்லை. முதல் தவணையை மொத்தமாக ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு, பாஸ்புக்கையும் கூடவே கொடுப்பதுதான் வீடுகள் அரைகுறையாக நிற்கக் காரணம். ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின்தான் பணம், ஊர்க்குழுவில் இரண்டு பேர் சாட்சி. வேலையை ஜனவரியில் தொடங்கி மே கடைசிக்குள் கூரை போட்டுவிட வேண்டும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் கூடலூர்ப் பக்கம் நான்கு மாதம் வேலை நடக்காது.

உடன்போகும் ஆள்

இந்த வேலைக்குக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் முன்னோடிகள் உண்டு. 1958 முதல் இருக்கும் நாவா (நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம்), 1980-களின் நடுவில் வந்த அக்கார்டு தொண்டு நிறுவனம், ஆதிவாசி முன்னேற்றச் சங்கம், 1990-ல் தொடங்கிய அஸ்வினியின் ஆதிவாசி மருத்துவமனை. அவர்களிடம் கற்க வேண்டியது, அந்தந்தச் சமூகத்தின் ஆட்களையே சுகாதாரப் பணியாளராகப் பயிற்றுவித்தது. பணியர் வீட்டு வாசலில் பணியர் பெண் நின்றால் கதவு திறக்கும்.

புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு: ஒருவருக்கு நான்கைந்து குடும்பத்துக்கு மேல் வேண்டாம். குடும்பத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நகல்கள், ஒரு நோட்டு. அசல் எப்போதும் குடும்பத்திடம். ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், நல்ல எண்ணத்திலும் வாங்காதீர்கள். பட்டா வரும், பணம் வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 'மனுக் கொடுக்க உடன் வருகிறேன்' என்பதுதான் உங்களால் கொடுக்க முடிந்த வாக்கு. ஒருவரின் நோயை மகளிர் குழுக் கூட்டத்தில் பேசக் கூடாது. அவர் தெளிவாக இருக்கும்போதே, தனக்காகப் பேச யாரை நம்புகிறார் என்று கேட்டு, நியமனப் பிரதிநிதி என்று 2017 சட்டப்படி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்கலாம். நோய் முற்றிய ராத்திரியில் அண்ணனா மாமனா என்ற சண்டை இருக்காது. தெருவில் அலையும் மனநோயாளியைக் கண்டால் போலீசுக்குச் சொல்லலாம். பாதுகாப்பில் எடுத்தவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்ப்பது காவல்துறையின் கடமை, அடித்து விரட்டுவதல்ல. வழக்கறிஞர் வேண்டுமானால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, எண் 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பேரிடரில் பாதிக்கப்பட்டோர் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம்.

மழைக்கு முன்னால் ஒரு சுற்று போய்வர வேண்டும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் சரிந்த மண்ணும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்த 82 சென்டிமீட்டரும் காட்டியது, சாலை முதலில் போகும் என்பதை. ஆகவே மே மாதச் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லி, கூடுதலாக ஒரு மாத மாத்திரை கேட்டு வாங்குவது. ஊசி போடுகிறவரின் தேதியைக் கிராமச் செவிலியரிடம் கொடுப்பது. கோப்பு உறைகளை இரட்டை பாலித்தீனில் கட்டி மேலே தூக்கி வைப்பது. வீடு இடிந்தால் அன்றைக்கே, மண்ணை அள்ளுவதற்கு முன், நாலு பக்கமும் படம் எடுத்து வி.ஏ.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். 2022-26-க்கான பேரிடர் நிவாரண விதிப்படி மலைப்பகுதியில் முழுதும் சேதமான வீட்டுக்கு 1.30 லட்சம், குடிசைக்கு 8,000; பகுதி சேதம் என்றால் கான்கிரீட் வீட்டுக்கு 6,500, மண்சுவர் வீட்டுக்கு 4,000. எந்த வகையில் எழுதுகிறார்கள் என்பதை வி.ஏ.ஓ. வந்து பார்க்கும்போது பக்கத்தில் நின்று கேட்பதும், சேதமான சுவர் எத்தனை அடி என்று அளந்து சொல்வதும் உடன்போகும் ஆளின் வேலை. முகாமுக்கு மாற்றினால் எந்தக் குடும்பத்தில் யார் மாத்திரை சாப்பிடுகிறார் என்ற பட்டியலை முகாம் பொறுப்பாளரிடம் அல்ல, முகாமுக்கு வரும் செவிலியரிடம் கொடுங்கள்.